சிவகாசியில் கூடாரம் அடித்தவரும் டோர்னக்கல் போனவரும்

அன்புள்ள என் மாணவச் செல்வங்களுக்கும் உறவினர்களுக்கும்,



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் திறந்தவர்கள் மூடி வைத்துவிட்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். கிறிஸ்தவர்கள் அல்லாத என் பிள்ளைகளும் தாராளமாகப் படிக்கலாம். கோயில் விஷயம் என்றாலும் இது நம் ஜில்லாவின் கதைதான்.

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "டீச்சர், ரேக்லண்ட்னு ஒரு வெள்ளைக்காரர் எங்க ஊர்லதான் செத்தாராமே, அவர் யாரு? கலெக்டரா?" மூன்று வரியில் பதில் போட்டேன். ஆனால் மூன்று வரியில் அடங்குகிற ஆள் இல்லை அவர். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் காலத்துச் சிவகாசியை மனதில் கொண்டு வாருங்கள். பட்டாசு இல்லை, தீப்பெட்டி இல்லை, காலண்டர் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததெல்லாம் 1920-களில். நான் சொல்லுவது அதற்கும் எழுபது வருஷம் முந்திய கதை. மானாவாரிக் காடு. கம்பு, சோளம், பருத்தி. மழை பெய்தால் கரிசல் மண் காலோடு வரும், பெய்யாவிட்டால் தரை பாளம் பாளமாய் வெடிக்கும். மல்லாங்கிணற்றுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985-இல். அதற்கு முன் நாம் இராமநாதபுரம் ஜில்லா. அந்த இராமநாதபுரம் ஜில்லாவே 1910-இல்தான் வந்தது. அதற்கும் முன்னால் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் திருநெல்வேலி ஜில்லாவின் வடக்கு மூலை. "வட திருநெல்வேலி" என்று பழைய மிஷன் புத்தகங்களில் வந்தால் அது நம் பக்கம்தான்.

தென் திருநெல்வேலியில் அப்போதே பல்லாயிரம் கிறிஸ்தவர்கள். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி என்று பனங்காட்டுக்குள் கோயிலும் பள்ளிக்கூடமும் எழும்பிவிட்டன. ஆங்கிலேய மிஷனெரிமார் ஆளுக்கு ஒரு பங்களா, ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் சபைகள் என்று நிலைகொண்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருக்கிற சபையைக் கவனிக்கவே பொழுது போதாது. வழக்கு, பஞ்சாயத்து, பள்ளிக்கூட மேற்பார்வை, கூரை ஒழுகல். ஒரு தலைமையாசிரியர் பாடம் நடத்த நேரமில்லாமல் பதிவேடு எழுதுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த மாதிரி. இதில் வடக்குப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்தவர் தாமஸ் கஜேட்டன் ரேக்லண்ட். 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் படித்து, கணிதத்தில் முதல் வரிசையில் தேறி, அங்கேயே ஃபெல்லோ ஆனவர். அப்படிப்பட்டவருக்கு இங்கிலாந்திலேயே ஆயுள் முழுக்கச் சௌகரியமாக இருக்க வழி உண்டு. அதை விட்டுவிட்டு சி.எம்.எஸ். சங்கத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். வந்த இடத்தில் கிடைத்ததும் பெரிய நாற்காலிதான்: சென்னை மாகாணத்தில் அந்தச் சங்கத்தின் செயலாளர். தென்னிந்தியா முழுவதிலும் உள்ள சி.எம்.எஸ். மிஷனெரிகளின் கடிதங்களும் கணக்குகளும் சண்டைகளும் அவர் மேஜைக்கு வரும். யாரை எங்கே போடுவது, எந்த ஊருக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அவர் கையைத் தொட்டுத்தான் போகும். நம் பாஷையில் சொன்னால் இயக்குநர் அலுவலகம்.

அந்தப் பதவியில் இருந்துகொண்டு திருநெல்வேலியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் வடக்கே காலியாகக் கிடக்கும் ஊர்கள் அவர் கண்ணில் பட்டன. செயலாளர்கள் இப்படிப் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். அறிக்கை எழுதுவார்கள். ஆள் வேண்டும், பணம் வேண்டும், குழு அமைக்க வேண்டும் என்று மேலே அனுப்புவார்கள். இவரும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, அந்த ஆள் நானே என்று கிளம்பிவிட்டார். செயலாளர் பதவியை விட்டார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 1854-இல் நம் கரிசல் காட்டுக்கு வந்து கூடாரம் அடித்தார்.

கூடாரம் என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நிஜக் கூடாரம், துணிக் கூடாரம். ஒரு ஊர்ப் பக்கத்தில் அடிப்பது, சுற்றியிருக்கும் கிராமங்களுக்கு நடந்தோ குதிரையிலோ போய்ப் பேசுவது, பிறகு பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊர். பங்களா கட்டவில்லை. கட்டினால் பங்களாவைக் காக்க ஒருவர் வேண்டும், அப்புறம் அதற்குச் சுவர், அப்புறம் அந்தச் சுவருக்குள்ளேயே நம் வேலை முடிந்துபோகும் என்பது அவர் கணக்கு. கணிதம் படித்தவர் இல்லையா! சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலில் துணிக் கூடாரத்துக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அந்த மனிதர் எதை விட்டு எதற்கு வந்தார் என்று புரியும்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. அவர் வெள்ளைக்காரர்களை மட்டும் நம்பி வரவில்லை. தெற்கே இருந்த தமிழ்ச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறை வைத்து வந்து இவர்களோடு கூடாரத்தில் தங்கி ஊழியம் செய்தார்கள். அதற்கான செலவிலும் அந்தச் சபைகள் பங்கெடுத்தன. பனையேறிப் பிழைத்த ஜனங்கள், அரிசியே வாரத்தில் ஒரு நாள்தான் கண்டிருப்பார்கள், முகம் தெரியாத வடக்கத்தி ஊர்க்காரனுக்காகத் தங்கள் உபதேசியாரை அனுப்பிவைத்தார்கள். திருநெல்வேலிச் சபை வாங்கி உண்ட சபை மட்டும் இல்லை, அனுப்பிய சபையும்தான் என்பதற்கு இது ஆரம்பம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதுதான் ரேக்லண்ட் செய்த பெரிய காரியம் என்பது என் கட்சி.

பலன்? அவர் கண்ணால் கண்டது வெகு சொற்பம். நாலு வருஷம் அலைந்தார். நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் இரத்தம் கக்கி, சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 43. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பற்றி யோவான் சுவிசேஷத்தில் வருகிறதே, அதை அவர் எப்போதும் மனதில் வைத்திருந்தார் என்பார்கள். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1922-இல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். ஃபென்னும் மெடோஸும் வேலையைத் தொடர்ந்தார்கள். வட பகுதியில் சபைகள் மெல்ல மெல்லத்தான் முளைத்தன. சாட்சியாபுரம் பள்ளிகளில் படித்தவர்கள் நம் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள்.

இதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று உறவினர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒளித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சேகரத் தேர்தல் வருகிறது. நம் குடும்பத்திலேயே இரண்டு அணி. ஒரே பாட்டியின் மடியில் வளர்ந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்வதைப் படித்தால், இவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தோமே என்று இருக்கிறது. போன மாதம் ஒரு வீட்டு ஞானஸ்நான அசனத்துக்கு மற்றப் பக்கம் ஒருவர்கூட வரவில்லை. ஐம்பது இலை மிஞ்சியது. அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? அது எந்த அணி? யார் எவர் என்று நான் சொல்லப் போவதில்லை, எந்தச் சபை என்றும் சொல்லப் போவதில்லை. இது ஒரு சபையின் வியாதியும் இல்லை. திருச்சபை வழக்குகள் உயர் நீதிமன்றப் படியேறுவதைப் பேப்பரில் எல்லாரும்தான் படிக்கிறோம்.

"அந்தக் காலத்துல எல்லாரும் பரிசுத்தவான்கள் பெரியம்மா, இந்தக் காலம் வேற" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னான். அது சரித்திரம் தெரியாத பேச்சு. அந்தக் காலத்திலும் சண்டை இருந்தது. ரேக்லண்டுக்கு முன்னால் திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மானியர் இருந்தார். 1820 முதல் அங்கே உழைத்தவர், தமிழை நன்றாகக் கற்றவர், விரட்டப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுக்க தர்மசங்கம் ஏற்படுத்தியவர். அவ்வளவு செய்தவருக்கும் சங்கத்துக்கும் சபை ஒழுங்கு சம்பந்தமாக முட்டிக்கொண்டது. 1835-இல் அவரை விலக்கினார்கள். உபதேசியார்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், சபைகள் பிரிந்தன. 1838-இல் அவர் இறந்த பிறகுதான் அந்தப் புண் மெல்ல ஆறியது. ஆக, நல்லவர்களுக்குள்ளேயும் பிளவு வரும். யார் எதற்காகப் பிடிவாதம் பிடித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ரேனியஸ் எதற்காகப் பிடித்தார் என்றாவது புத்தகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பிடிக்கிற பிடிவாதத்தை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

இனி அசரியா அத்தியட்சர். இவர் பெயர் கேட்டிருப்பீர்கள், படம் பார்த்திருப்பீர்கள். கதை முழுதாகத் தெரிந்தவர்கள் குறைவு.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். இன்றைய தூத்துக்குடி மாவட்டம். அப்பா தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். பல வருஷம் காத்திருந்து பிறந்த ஆண் பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயர். பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். மெஞ்ஞானபுரம், திருநெல்வேலி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு. கணிதம் எடுத்துப் படித்தவர், கடைசிப் பரீட்சை சமயத்தில் உடம்பு சரியில்லாமல் போய் பி.ஏ. பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவை மட்டும் வைத்துக்கொண்டு முப்பத்து நாலு வருஷம் ஓட்டிய எனக்கு இதில் ஒரு ரகசிய சந்தோஷம். பிற்பாடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே அவரைக் கூப்பிட்டுக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, அது வேறு விஷயம்.

1895-இல் ஒய்.எம்.சி.ஏ.யில் செயலாளராகச் சேர்ந்தார். பாருங்கள், இவரும் செயலாளர்தான். 1898-இல் அன்பு மரியம்மாளோடு கல்யாணம். அந்தக் காலத்திலேயே கல்லூரி வரை படித்த பெண். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் நடத்துவது அசரியாவின் வேலை. அப்படி 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே ஒரு சங்கதி அவரை உலுக்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் கைக்காசைச் சேர்த்து, கடல் தாண்டி நம் தொண்டிப் பக்கத்துக்கு ஒரு ஊழியரை அனுப்பியிருந்தார்கள். நம் இராமநாதபுரம் கரையில் இருக்கும் அதே தொண்டிதான்! பக்கத்தில் லட்சக்கணக்கில் கிறிஸ்தவர்களை வைத்துக்கொண்டு நாம் சும்மா இருக்கிறோம், அக்கரையிலிருந்து ஆள் வருகிறதே என்று அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரி 12-இல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நாம் ஐ.எம்.எஸ். என்கிறோமே, அதுதான். நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம், வெளிநாட்டுப் பணத்துக்குக் கை நீட்டுவதில்லை என்பது அதன் அஸ்திவாரம். ரேக்லண்டின் கூடாரத்துக்குத் தெற்கத்திச் சபைகள் முறை வைத்து ஆள் அனுப்பினார்களே, அந்தப் பழக்கம் ஐம்பது வருஷத்தில் சங்கமாக வளர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஊழியக்களமாகத் தேர்ந்த இடம் நிஜாமின் ஹைதராபாத் ராஜ்யத்தில் டோர்னக்கல். தெலுங்கு தேசம். இன்று தெலங்கானாவில் ரயில்வே ஜங்ஷனாகத்தான் அந்த ஊர் பலருக்குத் தெரியும்.

சங்கத்தின் செயலாளரும் அசரியாவேதான். கல்லூரிகளுக்குப் போய், போங்கள், போங்கள் என்று இளைஞர்களுக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் மட்டும் சென்னையில் இருப்பது எப்படி என்று அவருக்கே உறுத்தியது. 1909-இல் குருப்பட்டம் பெற்று மனைவி மக்களோடு டோர்னக்கல் கிளம்பினார். முப்பத்தைந்து வயதுக்காரர். ஒய்.எம்.சி.ஏ.யில் நல்ல சம்பளம், நாடு முழுக்கப் பெயர். போன இடத்தில் பாஷை முதலாகப் புதிதாகக் கற்க வேண்டும். ரேக்லண்ட் சென்னை மேஜையை விட்டு எழுந்ததும் அசரியா எழுந்ததும் எனக்கு ஒரே செய்கையாகத்தான் தெரிகிறது.

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஏறத்தாழ 1,200 பேர் கூடிய அந்த மண்டபத்தில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அங்கே இவர் எழுந்து, வெள்ளைக்கார மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசினார். வருஷக்கணக்கில் சேர்ந்து ஊழியம் செய்கிறீர்கள், ஆனால் எங்களை உங்கள் மேஜையில் உட்கார வைத்து ஒரு வேளை சாப்பாடு போடுவதில்லை, உங்கள் தியாகத்தை நாங்கள் மறக்கவில்லை, ஆனாலும் எங்களுக்கு வேண்டியது எஜமானர்கள் அல்ல, சிநேகிதர்கள் என்ற பொருள்பட முடித்தார். பட்டாசுக் கிடங்கில் நெருப்பு விழுந்த மாதிரி ஆனது. பலருக்குக் கோபம். சொன்னதில் பொய் இல்லாததால் கோபம் கூடிக்கொண்டுதான் போயிருக்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள். தனியாக நாலு பேரிடம் முணுமுணுக்கவில்லை, மொட்டைக் கடுதாசி போடவில்லை. அவர்கள் எல்லாரும் இருக்கும் சபையில், முகத்துக்கு நேரே, பெயர் சொல்லி யாரையும் கேவலப்படுத்தாமல் சொன்னார்.

இதற்குள் சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் இவரை அத்தியட்சர் ஆக்க வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருந்தார். முதலில் திருநெல்வேலியிலேயே உதவி அத்தியட்சராக வைக்கலாம் என்று யோசனை. எதிர்ப்புக் கிளம்பியது. வெள்ளைக்காரர்கள் எதிர்த்தது ஆச்சரியம் இல்லை. நம்மவர்களும் எதிர்த்தார்கள்! இவன் எந்த ஜாதி, இவனுக்குக் கீழே நாம் எப்படி இருப்பது, இந்தப் பதவிக்கு வெள்ளைக்காரரே மேல் என்ற பேச்சு தமிழ்க் கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்தது. படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. அசரியா பதில் சண்டை போடவில்லை, ஆள் திரட்டவில்லை. டோர்னக்கலைத் தனித் திருமண்டலமாக்கி, 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவரை அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்திய அத்தியட்சர். சொந்த ஊரில் கிடைக்காத இடம், அயல் ஊரில், அயல் பாஷை பேசும் ஏழைகள் மத்தியில் கிடைத்தது. 1945 வரை இந்தியாவில் ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒன்றுக்குத் தலைவராக இருந்த இந்தியர் அவர் ஒருவர்தான்.

அங்கே அவர் என்ன செய்தார் என்பதுதான் நம் தேர்தல் வீரர்கள் படிக்க வேண்டிய பகுதி.

அந்தச் சபை மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா ஜனங்கள். நிலம் இல்லை, எழுத்து இல்லை, பண்ணையாருக்குக் கடன். அத்தியட்சர் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போனார். அழுக்கு, நோய், கடன், குடி என்று நாலு பிசாசுகளைச் சொல்லி, இவற்றை முதலில் ஓட்டுங்கள் என்பார். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, நான் சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் அப்போஸ்தலன் சொன்னதைச் சொல்ல வேண்டும். அதாவது, சபையில் சேருகிற அன்றே உனக்கும் வேலை உண்டு, எல்லாம் ஐயர் பார்த்துக்கொள்வார் என்று இருக்காதே என்பது பாடம். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் எழுதச் சொன்னால் அவன் முதுகு எப்படி நிமிரும்! அது மாதிரி.

காணிக்கை விஷயத்தில் அவர் கறார். ஏழை என்று விலக்கு இல்லை. நம் திருநெல்வேலிப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்களே, அந்த ருசி தெரிந்த பிள்ளை அவர். தானியமோ கோழியோ காய்கறியோ, கையில் இருப்பதைக் கொண்டுவா என்றார். கொடுக்கிறவனுக்குத்தான் கோயில் தன்னுடையது என்று தோன்றும், பிறர் காசில் கட்டிய கோயிலில் அவன் விருந்தாளியாகவே இருப்பான் என்பது அவர் எண்ணம். கிறிஸ்தவக் காணிக்கை பற்றியே தனிப் புத்தகம் எழுதினார். கவனமாகப் பாருங்கள், கணக்குக் கேட்கிற உரிமையும் அப்போதுதான் ஏழைக்கு வருகிறது. இன்று சண்டையெல்லாம் எதில்? முன்னோர் ஒரு பிடி அரிசியாகச் சேர்த்த சொத்தை யார் நிர்வகிப்பது என்பதில். சேர்ப்பதற்கு யாரும் போட்டி போட்டு நான் பார்க்கவில்லை.

அவர் தலைமைப் பேராலயம் கட்டி முடிக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. 1939 ஜனவரி 6-இல்தான் பிரதிஷ்டை. போய்ப் பார்த்தவர்கள் சொல்வார்கள், கோயில் தூண்களும் மசூதிக் கோபுரங்களும் தாமரையும் சிலுவையும் சேர்ந்த கட்டடம். அந்த நாட்டுக் கோயில் அந்த நாட்டு முகத்தோடு இருக்கட்டும் என்று கட்டினார்.

காந்தியடிகளுக்கும் இவருக்கும் மதமாற்றம் பற்றி ஒத்துப்போகவில்லை. அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, வேண்டாம், நாங்கள் தேசத்தோடு கலந்திருப்போம் என்று சொன்னவர்களில் இவரும் ஒருவர். தன் கூட்டத்துக்கு நாலு நாற்காலி கிடைக்கும் என்று தெரிந்தும் வேண்டாம் என்றார். அப்படி ஒரு தலைவரை இன்று எந்தக் கட்சியிலாவது காட்டுங்கள்.

இனி நம் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். நான் பிறந்தது சாத்தூர்ப் பக்கம், சி.எம்.எஸ். வழி. வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம். திருமங்கலம், மண்டபசாலை என்று இங்கே வேலை செய்தவர்கள் அமெரிக்கன் மிஷன்காரர்கள். 1834-இல் அவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்துதான் மதுரைக்கு வந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் முப்பது, நாற்பது மைல். ஆனால் ஒரு பக்கம் அத்தியட்சர், ஜெபப்புத்தகம், முழங்கால் படியிடுதல். மறுபக்கம் அத்தியட்சரே கிடையாது, சபை கூடித் தீர்மானிக்கும். ஒரு சபையின் குருவுக்கு மற்றச் சபையில் திருவிருந்து கொடுக்க உரிமை இல்லை. லண்டனிலும் பாஸ்டனிலும் என்றோ நடந்த சண்டைக்கு நம் கரிசல் காட்டில் வரப்பு போட்டு வைத்திருந்தார்கள்.

இது நம் சண்டை இல்லையே என்று முதலில் உரக்கச் சொன்னவர்கள் இந்தியக் குருமார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். 1706-இல் சீகன்பால்கு கரையிறங்கிய அதே ஊர். முன்னின்றவர் அசரியா. பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். எழுதிய பிறகு 28 வருஷம் பேசினார்கள், எத்தனையோ குழு, எத்தனையோ வரைவு. யாருக்கு எந்த அதிகாரம், யார் கை வைத்தால் பட்டம் செல்லும் என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்கள். பொறுமை என்றால் அதுதான் பொறுமை. ஒரு சேகரக் கூட்டம் இரண்டு மணி நேரம் நீண்டால் நாற்காலியைத் தூக்குகிறோம்.

அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-ஆம் தேதி டோர்னக்கலில் காலமானார். 1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில், திருவிதாங்கூர் அத்தியட்சர் சி. கே. ஜேக்கப் தலைமையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. நாடு விடுதலை அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும் ஐக்கிய சபையாரும் ஒன்றானார்கள்.

அன்றே மதுரை-இராமநாதபுரத்துக்குப் புது அத்தியட்சராக அபிஷேகம் பெற்றவர் லெஸ்லி நியூபிகின். 37 வயது. காஞ்சிபுரத்தில் தமிழ் கற்று ஊழியம் செய்தவர். வேடிக்கை என்னவென்றால், அவர் வந்தது ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையிலிருந்து. அங்கே அத்தியட்சர் என்ற பதவியே கிடையாது. அத்தியட்சரே இல்லாத சபையில் வளர்ந்தவர் அத்தியட்சர் ஆனார். ஆங்கிலிக்கன்கள் ஏற்றுக்கொண்டார்கள், அத்தியட்சர் வாடையே ஆகாத அமெரிக்கன் மிஷன்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். 1959 வரை அவர் இங்கே இருந்தார். கிராமத்துச் சபைகளைப் பற்றி அவர் எழுதிய நாட்குறிப்புப் புத்தகம் 1951-இல் வெளிவந்தது. அவருக்குப் பின் தமிழர் கையில் பொறுப்பு வந்தது.

1982-இல் எங்கள் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள், என் அப்பா ஊர்க் கோயிலிலும் என் மாமனார் ஊர்க் கோயிலிலும். ஒரே நமூனா, ஒரே திருமண்டலம். என் பாட்டி காலத்தில் அதே கல்யாணத்துக்கு எத்தனை கடிதம், எத்தனை விளக்கம் போயிருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ரேக்லண்ட் ஐயரோடு கூடாரத்தில் தங்கிய தமிழ் உபதேசியார்களின் பெயர் யார் வீட்டுப் பழைய வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்திலாவது எழுதியிருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வெள்ளைக்காரர்கள் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இவர்கள் பெயர்தான் எனக்கு வேண்டும். தொண்டியில் உறவு உள்ளவர்களும் அங்கே விசாரித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், மல்லாங்கிணறு